முகாம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். இளைஞர்களுக்கான இயற்கை முகாம்களைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது, முகாமில் நடப்பவற்றைவிட, முகாம் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பிய பின் வரும் வாரத்தைப் பற்றிப் பேசவே விரும்புகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வாரத்தைப் பற்றி முகாம் அறிக்கைகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள கோடியக்கரையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1967 முதல் அது வனவிலங்கு சரணாலயம். அங்கே வெளிமான்கள் மேய்கின்றன; குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன; 30 கிராம் எடையைத் தொடுவதே அரிதான கொசு உள்ளான்கள் ஆர்க்டிக் பகுதியிலிருந்து வந்து சேற்றில் இரை தேடுகின்றன. இத்தகைய இடத்தில், கைபேசியை ஒப்படைத்துவிட்டு, விடியலுக்கு முன்பே எழுந்து சதுப்பு நிலத்தின் ஓரமாக ஒன்றாக நடக்கும் பிள்ளைகள் எவ்வளவு விரைவாக நெருங்கிவிடுகிறார்கள் என்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எந்த ஊர், என்ன சாதி, எந்தப் பள்ளி என்ற கேள்விகளெல்லாம் இரண்டாம் நாள் பந்தியிலேயே மறைந்துவிடுகின்றன. பிறகு, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஆளுக்கொரு பேருந்தில் ஏறுகிறார்கள்.

சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு மாணவியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகளும் அதே முகாமுக்கு வந்திருந்தாள். இருவரும் இணைபிரியாத தோழிகளானார்கள். ஊர் திரும்பிய சில நாட்களில் சேலத்து மாணவியின் தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “என்னய்யா சொல்லிக் கொடுத்தீங்க? வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கடையிலிருந்து பையில் எது வாங்கி வந்தாலும் சண்டை பிடிக்கிறாள்” என்றார். நான் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பிளாஸ்டிக் பையைப் பார்த்து வரும் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் தோழியைப் பிரிந்த வருத்தம்தான். அந்த வருத்தத்தை வீட்டில் யாரிடம் சொல்வது என்று அந்த வயதில் தெரிவதில்லை. பிளாஸ்டிக்கைப் பற்றியென்றால் தாராளமாகப் பேசலாம். ஆகவே கண்டிக்கவும் வேண்டாம், மஞ்சப்பை வாங்கிவந்து சமாதானப்படுத்தவும் வேண்டாம், ஒருநாள் அதிகாலையில் அவளோடு மூக்கனேரிக்குப் போய்வாருங்கள் என்றேன். சேலத்துக்காரர்களுக்கு மூக்கனேரியைச் சொல்லத் தேவையில்லை. ஏரியைச் சீரமைத்தபோது அமைத்த மண்திட்டுகளில் மரங்கள் வளர்ந்து, இன்று பறவைகள் தங்குகின்றன.

தாயார் அரைமனதோடுதான் போனார். ஆனால் அதற்குள் தோழிகள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஆண்டுதோறும் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஒரே காலையில், ஒரே நேரத்தில், ஒருத்தி ஏரிக்கரையிலும் மற்றவள் உப்பளத்தின் வரப்பிலும் நின்று எண்ணுவது என்பதே அந்த ஏற்பாடு. கால்மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதி, இணையத்தில் பதிவு செய்தால் போதும். யாருடைய அனுமதியும் தேவையில்லை. மாலையில் இருவரும் பட்டியலை ஒப்பிட்டார்கள். சேலத்து மாணவி பூநாரைகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாளாம். பிறந்ததிலிருந்து பூநாரைகளைப் பார்த்து வளர்ந்த அகத்தியம்பள்ளிப் பெண்ணுக்கோ, ஏரியில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பானைப் பற்றிக் கேட்டு மாளவில்லை. தாயாருக்கு ஒரு சந்தேகம்: “மைனாவையும் காக்கையையும்கூட எழுதணுமா?”

கட்டாயம் எழுத வேண்டும். இதை நான் சொல்லாத மேடையில்லை, இங்கும் சொல்லிவிடுகிறேன். அரிய பறவையைப் பதிவு செய்ய எப்போதும் ஆளிருக்கும். நாள்தோறும் பார்க்கும் பறவை குறைந்துகொண்டே வருவதுதான் யார் கண்ணிலும் படாமல் போகும். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை பொதுமக்கள் இப்படி எழுதிவைத்த பட்டியல்கள்தாம். மைனாவை எழுதுங்கள், காக்கையை எழுதுங்கள்.

முகாம் நடத்துவோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடைசி நாள் முழுவதும் சான்றிதழ் வழங்கலிலும், சிறப்பு விருந்தினர் உரையிலும், குழுப் புகைப்படத்திலும் போய்விடுகிறது. அந்த விருந்தினராக நானே பலமுறை அமர்ந்திருக்கிறேன் என்பதால் துணிந்து சொல்கிறேன்: உரையை விட்டுவிடலாம். பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து, ஊருக்குப் போய் இருவரும் ஒரே நேரத்தில் எதைக் கவனிப்பது என்று முடிவு செய்யச் சொல்லுங்கள். குளம், புளியமரம், தெருமுனைக் குப்பைத்தொட்டி, எதுவானாலும் சரி. வெறுமனே நலம் விசாரிக்கும் நட்பு தேர்வுக் காலம் வந்ததும் மங்கிவிடுகிறது. ஒன்றைச் சேர்ந்து கவனிக்கும் நட்புக்கு அடுத்த வாரமும் பேசப் பொருள் இருக்கிறது.

பெற்றோருக்கென்று சில செய்திகளைக் குறித்து வைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முகாம் நண்பர்கள் உங்கள் வீட்டுக்கு வரவோ, உங்கள் பிள்ளை அவர்கள் வீட்டுக்குப் போகவோ கேட்டால், எந்த ஆட்கள் என்று விசாரிப்பதற்கு முன் சரி என்று சொல்லுங்கள். அந்தச் சேலத்துத் தாயார் கோடை விடுமுறையில் மகளோடு அகத்தியம்பள்ளிக்கே போய்வந்தார். அந்தக் கதைக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.