போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று பொறுப்பேற்றிருக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். பொருளாளருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் ஆறு வருடம் ரசீதுப் புத்தகத்தைச் சுமந்தவன். நம் சேவைச் சங்கத்தில் சேர்ந்த புதிதில், பணம் திரட்டுவதுதான் பெரும்பாடு, பணம் கைக்கு வந்துவிட்டால் கொடுப்பது எளிது என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு தவறு என்று எனக்குக் காட்டியது ஒரு சக்கர நாற்காலி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுப்பது என்று ஒரு வருடம் தீர்மானம் போட்டோம். நாலு மாதம் அலைந்து நிதி திரட்டி 25 நாற்காலி வாங்கினோம். மேடை போட்டு, பெயரை வாசித்து, ஒவ்வொருவராக மேலே வரவழைத்துக் கொடுத்தோம். நடக்க முடியாதவர்களைப் படியேற வைத்தோம் என்பதே அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. உறவினர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைதட்டல், புகைப்படம், எல்லாம் நன்றாக நடந்தது. மனநிறைவோடு வீட்டுக்குப் போனோம்.

ஏழெட்டு மாதம் கழித்து வேறு வேலையாக ஒரு தெருவுக்குப் போயிருந்தேன். நாற்காலி வாங்கிய ஒரு பெரியவரின் வீடு அங்கேதான் என்று ஞாபகம் வந்தது. சரி, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனேன். நாற்காலி வாசலுக்கு வெளியே சுவரோரமாக நின்றது. கைப்பிடிகளில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் மகள் ஓடி வந்து துணிகளை அவசரமாக எடுத்தார். "கதவுக்குள்ள நுழையல சார், நாலு விரக்கடை கூடுதலா இருக்கு. மடக்கி உள்ள கொண்டாந்தாலும் விரிச்சா திருப்ப இடமில்ல. தப்பா எடுத்துக்காதீங்க. துரு ஏறாம துடைச்சுத்தான் வெச்சிருக்கேன்" என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்டது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. தவறு எங்களுடையது. 25 வீட்டில் ஒரு வீட்டின் கதவைக்கூட நாங்கள் அளந்து பார்க்கவில்லை. யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பட்டியல் வந்தது, பொருள் வாங்கினோம், கொடுத்தோம்.

அடுத்த ஒரு மாதத்தில் மீதி 24 வீடுகளுக்கும் போனோம். சிலர் நாற்காலியால் வெளியுலகத்தையே திரும்பப் பெற்றிருந்தார்கள், அது உண்மை. ஆனால் ஒருவருக்குக் கால்தாங்கியின் உயரம் பொருந்தவில்லை, உட்கார மெத்தை கொடுக்காததால் தொடையில் புண். உணர்ச்சி இல்லாத உடம்பில் அந்தப் புண் எவ்வளவு ஆபத்தானது என்பதை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அந்தப் பெரியவர் வீட்டில், எங்கள் உறுப்பினரான ஒரு தச்சர் அரைநாள் வேலையில் கதவுச் சட்டத்தைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்தார். நாற்காலி விலையில் நாலில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. முதலிலேயே போய்ப் பார்த்திருந்தால் அந்த மனிதர் எட்டு மாதம் கட்டிலிலேயே கிடந்திருக்க வேண்டாம்.

சேவைச் சங்கங்களின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். நிலைத்த காரியங்கள் பலவும் யாரோ ஒருவர் நின்று கவனித்ததில்தான் ஆரம்பித்திருக்கின்றன. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், இன்னொருவர் தையல் தொழில் செய்தவர். கூட்டம் ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுற்றிச் சுற்றி நடந்ததால் ரோட்டரி என்று பெயர் வந்தது. தொடக்கத்தில் அது தோழமைக்கும் தொழில் உறவுக்குமான கூட்டம்தான். பொதுச் சேவை என்று அவர்கள் 1907-ல் கையில் எடுத்த முதல் வேலை, சிகாகோ நகர மன்றத்துக்கு அருகே பொதுக் கழிப்பறை வேண்டும் என்பது. சிலை வைத்திருந்தால் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டிருக்கலாம். கழிப்பறை கேட்டுப் போராட வேண்டுமென்றால் தெருவில் நடக்கிறவரின் அவஸ்தை தெரிந்திருக்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

லயன்ஸ் சங்கங்களின் கதையும் அப்படித்தான். மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் 1917-ல் உருவான அமைப்பு அது. 1925-ல் அதன் மாநாட்டு மேடையில், பார்வையும் கேட்கும் திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்காகப் போராட வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். உருக்கமான பேச்சு, உறுப்பினர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் என்னை அதிகம் தொடுவது அதற்கு ஐந்து வருடம் கழித்து நடந்தது. அமெரிக்காவின் பியோரியா நகரில் லயன்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் போன்ஹாம், பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்தார். அவர் கையில் இருந்த கோல் கறுப்பு. வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணில் அது படவே இல்லை. கோலுக்கு வெள்ளை அடித்தால் என்ன என்று போன்ஹாம் யோசித்தார். சங்கம் வெள்ளைக் கோல்களைக் கொடுத்தது. அந்த வருடம் முடிவதற்குள், வெள்ளைக் கோல் பிடித்தவருக்கு வழிவிட வேண்டும் என்று அந்த நகரம் விதியே செய்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பார்வை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர், 1921-லேயே தன் கைத்தடிக்குத் தானே வெள்ளை அடித்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கஷ்டப்படுகிறவருக்குத் தன் கஷ்டத்துக்கான வழியும் பல நேரம் தெரிந்தே இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

அப்புறம், பணம். இதைப் பேசச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கு இல்லை.

உண்டியல் பிரிக்கும் இரவு எப்படி இருக்கும் என்று புது உறுப்பினர்களுக்குத் தெரியாது. மேசைமேல் பழைய நாளிதழை விரித்து உண்டியலைக் கவிழ்ப்போம். ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார், மூன்றாவது ஆள் இருவரையும் கவனிப்பார். மூவரும் கையெழுத்துப் போடாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. விரல் நுனியெல்லாம் நாணய வாசனை ஏறியிருக்கும். ஒருமுறை எட்டாக மடித்த ஒரு நோட்டு வந்தது. மதிப்பில் மிகச் சிறியது. ஓரம் தேய்ந்து, வியர்வையில் நைந்து, மடிப்பு வெள்ளையாகக் கோடு விட்டிருந்தது. யாரோ அதை வெகுநாள் கையோடு வைத்திருந்து, ஒரு நிமிடத்தில் மனம் இளகிப் போட்டிருக்கிறார். எண்ணிக்கொண்டிருந்த நண்பர் அதை மெதுவாக விரித்து, உள்ளங்கையால் நீவித் தனியே வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த நோட்டைப் போட்டவருக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். அவர் யார் என்று தெரியாது, கேட்டு வரவும் மாட்டார். அதனால்தான் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். லயன்ஸ் சங்கங்களில் ஒரு விதி உண்டு: பொதுமக்களிடம் திரட்டிய பணம் ஒரு கணக்கு, உறுப்பினர் சந்தாவில் நடக்கும் நிர்வாகச் செலவு தனிக் கணக்கு. முதலாவதைத் தொட்டு இரண்டாவதை நடத்தக் கூடாது. எந்தச் சங்கமானாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விழாவுக்கான பேனரும் விருந்தும் நம் சந்தாவில் நடக்கட்டும். உண்டியல் பணத்தில் அல்ல.

சிறிய காசால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நான் 1938-ஐ ஞாபகப்படுத்துவேன். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்டவர். அந்த நோய்க்கு எதிரான நிதிக்காக, ஆளுக்கு ஒரு பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று எடி கான்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் கேட்டார். தபால் மூட்டைகள் குவிந்து, அலுவலகக் கடிதங்களைத் தேடி எடுக்க முடியாத நிலை வந்தது. வந்த நாணயங்கள் 26 லட்சத்து 80 ஆயிரம். இப்படிச் சேர்த்த நிதிதான் பிற்பாடு ஜோனஸ் சால்க் என்ற மருத்துவ விஞ்ஞானியின் போலியோ தடுப்பூசி ஆராய்ச்சியைத் தாங்கியது. 1955 ஏப்ரல் 12 அன்று அவருடைய தடுப்பூசி பாதுகாப்பானது, பலனளிப்பது என்று அறிவித்தார்கள். நாணயம் அனுப்பிய சிறுவனுக்கு அதற்குள் கல்யாணமாகிக் குழந்தையே பிறந்திருக்கலாம். அந்தக் குழந்தைக்கு அந்த ஊசியைப் போட்டிருப்பார்கள்.

நிதி கேட்கும்போது செய்யக் கூடாத ஒன்றைப் பற்றியும் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கானோர் கஷ்டப்படுகிறார்கள் என்று புள்ளிவிவரம் சொன்னால் மக்கள் குறைவாகக் கொடுக்கிறார்கள், ஒரே ஒரு குழந்தையின் முகத்தைக் காட்டினால் அதிகம் கொடுக்கிறார்கள். பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. முகத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது நன்கொடை குறைந்தது. நம் மனது அப்படி இருக்கிறது. அதனால் எல்லாச் சங்கங்களும் முகத்தைத் தேடி ஓடுகின்றன. கண்ணீரோடு இருக்கும் முகம் கிடைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்கிறார்கள். அந்தக் குழந்தை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். வகுப்பில் நாலு பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிற பிள்ளையைக் கேமராவைப் பார்க்கச் சொல்லும் படங்களை நானும் எடுத்திருக்கிறேன். இப்போது எடுப்பதில்லை. கதை சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அனுமதி கேட்டு, பெயரை மாற்றி, அவரே படித்தாலும் தலைகுனியாதபடி சொல்லுங்கள்.

இரத்த தானத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரே நாளில் பெரிய முகாம் நடத்தி எண்ணிக்கை காட்ட எல்லோருக்கும் ஆசை. ஆனால் பிரித்தெடுத்த தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், 5 முதல் 7 நாள்தான் தாங்கும், சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம். ஒரே நாளில் ஆறாகப் பெருக்கிவிட்டு அடுத்த மூன்று மாதம் காய்ந்து கிடந்தால் நோயாளிக்கு என்ன பயன்? முகாம் தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் இரத்த வங்கிக்குப் போய், எந்த மாதம் இருப்பு குறையும், எந்த வகைக்குத் தட்டுப்பாடு வரும் என்று கேளுங்கள். ஒரு கேள்விதான்.

திரும்பிப் போவது எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதற்குப் போலியோ ஒழிப்பைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ரோட்டரி 1979-ல் பிலிப்பைன்ஸில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தோடு ஆரம்பித்தது. 1985-ல் அதை உலகளவில் எடுத்துக்கொண்டது. 1988-ல் உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, 125 நாடுகளில் வருடத்துக்குச் சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகளை அந்த நோய் தாக்கிக்கொண்டிருந்தது. இன்று இயற்கையான போலியோ வைரஸ் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் இரண்டு நாடுகளில்தான் தொடர்ந்து பரவுகிறது. இந்த மாற்றத்தில் பணத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகச் செய்தது என்ன? குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்தார்கள், வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறி போட்டார்கள். குழந்தை வீட்டில் இல்லை, பெற்றோர் மறுத்துவிட்டார்கள் என்றால் அதற்கு வேறு குறி. அந்த வேறு குறி போட்ட வீடுகளுக்கு மறுநாள் போனார்கள், அதற்கு மறுநாளும் போனார்கள். கதவைச் சாத்தியவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள்.

நம்மிடம் இல்லாதது அந்தக் குறிதான். கொடுத்த 25 பேர் பட்டியல் நம் கோப்பில் இருக்கிறது. அதில் எத்தனை வீட்டுக்குத் திரும்பிப் போனோம் என்று ஒரு பத்தி இல்லை. புதிய செயலாளரிடம் ஒரு வேண்டுகோள்: இனி ஒவ்வொரு திட்டத்தின் கோப்பிலும் இரண்டு பக்கம் கூடுதலாக வையுங்கள். முன்னால் போய்ப் பார்த்தவர் பெயரும் அவர் பார்த்ததும் ஒரு பக்கம். ஆறு மாதம் கழித்துப் போனவர் பெயரும் பார்த்ததும் இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம் காலியாக இருக்கும்வரை திட்டம் முடிந்ததாக ஆண்டறிக்கையில் எழுத வேண்டாம்.

கூட்டத்துக்கு மட்டும் வந்துபோகும் உறுப்பினர்களைப் பற்றி எப்போதும் கவலைப்படுகிறோம். என் அனுபவத்தில், ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அங்கே இருப்பவரோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தவர் சங்கத்தை விட்டுப் போனதே இல்லை. சும்மா இருக்கிறார் என்று நாம் நினைத்த ஒருவர்தான் அந்தப் பெரியவரை இன்றும் மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறார்.

இந்த வருடம் மறுபடியும் சக்கர நாற்காலித் திட்டம் எடுத்திருக்கிறீர்கள். பட்டியலில் 12 பேர். நிதி திரட்டல் இன்னும் தொடங்கவில்லை, அது நல்லதே. வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறோம். ஜோடி ஜோடியாகப் போகலாம், ஒரு ஜோடிக்கு மூன்று வீடு. வாசல் கதவின் அகலம், படியின் உயரம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இடம், கழிப்பறைக் கதவு, நாலையும் குறித்துக்கொள்ள வேண்டும். அளப்பதற்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து, எங்கே போக ஆசைப்படுகிறீர்கள் என்று கேளுங்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். அளவு நாடா நான் கொண்டு வருகிறேன்.