உடை மாற்றும் அறையில் ஒரு பெஞ்ச்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும்போது, நர்ஸ் ஒரு உறையைக் கிழித்து ஊசியையும் குழாயையும் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உறைக்குள் அவை போவதற்கு முன்னால் இருந்த இடம் கிளீன்ரூம், தூய்மை அறை. நான் பேச வந்தது அதன் வாசலில் இருக்கும் உடை மாற்றும் அறையைப் பற்றி. பல வருடங்களாக என் கவலையெல்லாம் அந்தச் சின்ன அறைதான்.

ஏனென்றால், கிளீன்ரூமுக்குள் அழுக்கைக் கொண்டுபோவதில் மனிதர்களுக்குத்தான் முதலிடம். காற்றை ஹெப்பா வடிகட்டி பார்த்துக்கொள்ளும், கண்ணுக்கே தெரியாத 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். மனிதர்களோ சும்மா நின்றாலும் தோல் செதில் உதிர்ந்துகொண்டே இருக்கும், நடந்தால் இன்னும் அதிகம். செதிலோடு கிருமியும் வரும்.

"கடைசியில் எப்படியும் ஸ்டெரிலைஸ் செய்கிறீர்களே, பிறகென்ன?" என்று கேட்பார்கள். எத்திலீன் ஆக்சைடு வாயுவும் காமா கதிரும் கிருமியைக் கொல்லும், ஆனால் அகற்றாது. செத்த பாக்டீரியா சிலவற்றின் சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் வரும். கதீட்டருக்குள், அதாவது உடம்புக்குள் செருகும் மெல்லிய குழாய்க்குள், ஒட்டிய துணி நார் ஸ்டெரிலைஸ் செய்த பிறகும் அங்கேயேதான் இருக்கும். மறுபடியும் சொல்கிறேன்: கொல்லும், அகற்றாது.

சரி, அந்த அறைக்கு வருவோம். நடுவில் குறுக்காக ஒரு பெஞ்ச். இந்தப் பக்கம் வெளி, அந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலுக்கு உறை மாட்டி, அந்தக் காலை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். அப்புறம் அடுத்த கால். அந்தப் பக்கம் போன கால் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை மேசையில் அத்தனை கவனமாக இருக்கும் ஒருவர் உறை போட்ட காலை அந்தப் பக்கம் வைத்துவிட்டார். பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலை இந்தப் பக்கம் ஊன்றினார், எட்டிக் கையெழுத்துப் போட்டார், அதே உறையோடு உள்ளே போய்விட்டார். எல்லாம் இரண்டு விநாடி. கேட்டபோது, "பின்னால ஆள் நிக்கிறாங்க சார்," என்றார். போய்ப் பார்த்தால், பதிவேடு இருந்த இடமே தப்பு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் முழங்கை இடிக்கிற அறை. பதிவேட்டை வெளிக்கதவுப் பக்கம் நகர்த்தினோம், ஆட்களை இரண்டிரண்டு பேராக வரச் சொன்னோம். அந்தத் தவறு நின்றது.

இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். தொழிற்சாலை வரைபடத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுவது இந்த அறையைத்தான். அப்புறம் பயிற்சி போதவில்லை என்று ஆட்களைக் குறை சொல்கிறார்கள். கழுத்திலிருந்து கால்வரை மூடும் கவரால் என்ற உடையைப் போடும்போது அதன் கால் தரையில் படக் கூடாது என்கிறோம். கையை விரிக்கவே இடமில்லாதவர் அதை எப்படிச் செய்வார்? இடம் கொடுங்கள், ஆளுயரக் கண்ணாடி வையுங்கள். மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தால் அவரே பார்த்துச் சரிசெய்துகொள்வார்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உடுத்துவது மேலிருந்து கீழ்: தலையுறை, மாஸ்க், கவரால், காலுறை. தலையிலிருந்து உதிர்வது, போட்டு முடித்த உடைமேல் விழக் கூடாது அல்லவா? உடை மாற்றும் அறையின் வெளிக்கதவு, உள்கதவு இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக இருந்தால்தான் காற்று வெளிநோக்கிப் போகும். வெளியே வரும்போது உடையைக் கழற்றும் முறையையும் சொல்ல நினைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. கையுறையை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அது கவரால் கையின் விளிம்புக்கு மேலே ஏறி இருக்க வேண்டும், மணிக்கட்டு தெரியவே கூடாது. நன்றி, வணக்கம்.