பறிப்பதிலா, பார்ப்பதிலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

‘வீட்டுத் தோட்டம் தரும் அன்றாட மகிழ்ச்சி பறிப்பதிலா, பார்ப்பதிலா?’ இதுதான் தலைப்பு. பறிப்பதில்தான் என்று வாதாடிய எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொன்னார். தன் கையால் பறித்த தக்காளியின் ருசிக்கு ஈடே இல்லை என்றார். காய்க்காத செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் வீண் என்றார். சும்மா நின்று பார்த்தால் மனசுக்கு என்ன கிடைத்துவிடும் என்றும் கேட்டார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அவர் எடுத்த தக்காளியிலிருந்தே தொடங்குகிறேன்.

நாற்று நட்டதிலிருந்து முதல் பழம் பழுக்க ஏறக்குறைய 60 முதல் 80 நாள் ஆகும். பறிப்பதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். தலைப்பில் ‘அன்றாட’ என்று ஒரு சொல் இருக்கிறது, நடுவர் அவர்களே. மகிழ்ச்சி பறிப்பதில்தான் என்றால், அந்த அறுபது எழுபது நாளும் அந்த வீட்டில் என்ன நடந்தது? அதை எதிரணி சொல்லவே இல்லை. நான் சொல்கிறேன்.

தக்காளிப் பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தலை கவிழ்ந்து தொங்கும் சின்ன மஞ்சள் பூ. இதழ்கள் பின்னால் மடங்கி, நடுவில் ஒரு கூம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்த குழல் அது. மகரந்தம் அதன் உள்பக்கம் இருக்கிறது, வெளியே இல்லை. பூ குலுங்கினால்தான் உதிரும், உதிர்ந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருந்தேனீ வந்து என்ன செய்கிறது தெரியுமா? பூவைக் காலால் இறுகப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமல், பறக்கிற தசையை மட்டும் அதிர வைக்கிறது. அதுவரை கேட்ட ரீங்காரம் சட்டென்று சுருதி கூடும். மகரந்தம் பொடியாக அதன் வயிற்றில் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. இரண்டு மூன்று விநாடிதான் நடக்கும். செடிப்பக்கம் நின்றவருக்கு மட்டும் அது கிடைக்கும்.

இதைப் பார்த்தவருக்குக் கைவேலையும் தெரிந்துவிடும். அடைத்த பால்கனியில் காற்றும் வராது, தேனீயும் வராது. பூ பூக்கும், கொட்டும். அங்கே காலை பத்து மணிக்கு மேல், பனி ஈரம் காய்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு மூன்று தடவை சுண்டிவிட வேண்டும். பூவைத் தொடக்கூடாது, காம்பைத்தான் சுண்ட வேண்டும். பூ கொட்டுகிறதே என்று அள்ளி உரம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் மதர்க்கும், காய் பிடிக்காது. இரவில் 24 டிகிரிக்கு மேலும் பகலில் 35 டிகிரிக்கு மேலும் வெப்பம் நீடித்தால் மகரந்தமே கெட்டுவிடும், அப்போது சுண்டியும் பயனில்லை. மதிய வெயிலுக்கு ஒரு நிழல்வலை கட்டிவிட்டு, வெப்பம் தணியும் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

சரி, காய் பிடித்துவிட்டது. காயின் அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்து, கறுத்து, அமுங்குகிறது. ஏதோ நோய் என்று செடியையே பிடுங்கிப் போடுகிறார்கள். அது தொற்றுநோயே இல்லை. சுண்ணாம்புச்சத்து காயின் நுனிவரை போய்ச் சேராததால் வரும் கோளாறு. பெரும்பாலும் சத்து மண்ணில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நீரோடுதான் ஏறும். இரண்டு நாள் காயப்போட்டு, மூன்றாம் நாள் குடம் குடமாகக் கொட்டினால் பாதியிலேயே நின்றுவிடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டுவிட்டு அடுத்த வாரமே குணம் எதிர்பார்ப்பது வீண், அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். 15 முதல் 20 லிட்டர் மண் பிடிக்கிற தொட்டி, மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு, சீரான தண்ணீர் ஆகியவைதான் மருந்து.

தண்ணீர் சீராக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். சின்னத் தொட்டி என்றால் தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிவிடும். மதியம் வாடிய செடி மாலையில் தானே நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலேயே வாடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் மண் ஈரமாக இருந்தால், மேலும் ஊற்றாதீர்கள், பெரும்பாலும் வேர் அழுகிக்கொண்டிருக்கும். ‘கேளாத கடனும் பாராத பயிரும் பாழ்’ என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான், நடுவர் அவர்களே. பறிக்காத பயிர் பாழ் என்று அவர்கள் சொல்லவில்லை.

எதிரணி ருசியைப் பற்றிப் பேசியது. நல்லது, ருசிக்கே வருவோம். பழம் முழுசாகச் சிவக்கட்டும் என்று விட்டால் பறவையும் அணிலும் முந்திக்கொள்ளும். மழை பெய்தால் தோல் வெடிக்கும். பச்சை மாறி, அடியில் இளஞ்சிவப்பு லேசாகப் படரும் அந்த நிலையில் பறித்து வீட்டுக்குள் வைத்தால் நன்றாகவே பழுத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்கக்கூடாது, அந்தக் குளிரில் வாசனை போய்விடும். இந்த இடைநிலைக்குத் தமிழில் பெயரே உண்டு: செங்காய். பூம்பிஞ்சு, பிஞ்சு, காய், செங்காய், கனி. இலைக்குக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. பூவுக்கு அரும்பு, முகை, மலர், அலர், உதிர்ந்தால் வீ. பறிப்பதற்கு மட்டுமே செடிப்பக்கம் போனவர்களுக்கு இத்தனை சொல் எதற்கு? நாள்தோறும் பார்த்த கண்களுக்குத்தான் இவ்வளவும் தேவைப்பட்டது.

அடுத்தது, காய்க்காத செடிக்குத் தண்ணீர் வீண் என்ற வாதம். கொத்தமல்லியை எடுத்துக்கொள்வோம். விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால், ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் முரண்டு பிடிக்கும், விதைத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் தண்டு நீண்டு, இலை நூலாகி, பூத்துவிடும். இனிக் கீரைக்கு ஆகாது என்று எதிரணி பிடுங்கிவிடும். கொஞ்சம் பொறுங்கள். அந்த வெள்ளைப் பூவுக்குத் தேனீ போலக் கோடு போட்ட ஒரு ஈ வரும். அந்தரத்தில் கட்டித் தொங்கவிட்டது போல அசையாமல் நிற்கும், சட்டென்று நகரும், மறுபடி நிற்கும். அதன் புழு, தளிரில் அப்பிச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினியைத் தின்று வளர்வது. பக்கத்து மிளகாய்ச் செடியின் தளிரில் அசுவினி அப்பியிருந்தால் அங்கே முட்டையிட்டுவிட்டுப் போகும். கீரைக்கு ஆகாத கொத்தமல்லி, மிளகாய்க்குக் காவலாகிவிட்டது.

அந்த மிளகாய்ச் செடியிலேயே இன்னொன்றும் பாருங்கள். அசுவினிக் கூட்டத்தின் நடுவே கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை போல ஒன்று ஊரும். அரை அங்குலம்கூட இருக்காது. பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்று நசுக்கிவிடுகிறார்கள். அது பொறிவண்டின் புழு. வண்டாக வந்தால் கொஞ்சுகிறோம், புழுவாக வந்தால் கொல்லுகிறோம். அசுவினியை அடியோடு ஒழிப்பதாக நினைத்து மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் காவல்காரன்தான். முதலில் செய்ய வேண்டியது, இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிவிட்டு இரண்டு நாள் கவனிப்பது. எறும்பு சாரைசாரையாக ஏறினால் அதை முதலில் தடுக்க வேண்டும். அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும்.

எலுமிச்சைச் செடிக்கு வாருங்கள். இலையின் மேல் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெளுப்புமாக ஏதோ கிடக்கும். துடைத்துவிடப் போகாதீர்கள், ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும், காட்டமான வாசனை வரும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பறவை கண்ணுக்குத் தப்ப எச்ச வேஷம் போட்டிருக்கிறது. கடைசித் தோலை உரித்ததும் அதே புழு இலைப்பச்சையாக மாறிவிடும். நாற்றாக இருந்தால் ஒரு புழுவே மொட்டையடித்துவிடும், அப்போது எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். இடுப்பளவு வளர்ந்த செடி நாலைந்து புழுவைத் தாங்கும், மறுபடி துளிர்த்துக்கொள்ளும். அந்தச் செடியில் ஒரு காய்கூட இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் தினமும் காலையில் எழுந்ததும் எங்கே ஓடுகிறார்கள் என்று எதிரணி போய்ப் பார்க்கட்டும்.

சும்மா பார்த்தால் மனசுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படுக்கையில் கிடந்த அந்த நோயாளிகள் மரத்திலிருந்து எதையும் பறிக்கவில்லை, நடுவர் அவர்களே. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. செடி செத்துப்போனால் பார்ப்பவருக்கு என்ன மிச்சம் என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். வேர் மிச்சம். பட்டுப்போன தக்காளியைத் தொட்டியோடு கவிழ்த்து, மண்ணை உதறிப் பாருங்கள். வேர் வெள்ளையாகத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் தொட்டி போதவில்லை. பழுப்பாகக் குழைந்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் தண்ணீர் அதிகம், அடித்துளை அடைத்திருக்கும். மணி மணியாக முடிச்சு விழுந்திருந்தால் நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. அந்த மண்ணில் அடுத்து தக்காளியோ மிளகாயோ கத்தரியோ வைக்கக்கூடாது. குட்டைச் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் அப்படியே வளரவிட்டால் நூற்புழு குறையும்.

அந்த இரண்டு மூன்று மாதமும் அந்தத் தொட்டியிலிருந்து சமையலுக்கு ஒன்றும் கிடைக்காது. பூ மட்டும் இருக்கும். அதைப் பார்க்க யாராவது போவார்களா, மாட்டார்களா? தீர்ப்பை அங்கே நின்றுகொண்டு சொல்லுங்கள், நடுவர் அவர்களே.