உள்ளதின்படி கொடுப்போம்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பின் வணக்கம்.

வேலை போன வீட்டில் பல சமயம் முதலில் நின்றுபோவது ஞாயிறு ஆராதனைதான். இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்று மூடப்பட்ட பிறகு, எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் மாதக்கணக்கில் ஆலயத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "காணிக்கைப் பை என் வரிசைக்கு வரும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது, அண்ணா?" என்று கேட்டார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் தென்னாப்பிரிக்காவில் வேலைச் சந்தையில் இருப்போரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வேலையில்லை. வேலையற்றோருக்கு 2020-இல் 350 ரேண்டாகத் தொடங்கிய அரசு உதவித்தொகை, 2024-இல்தான் 370 ஆனது. 2021 ஜூலைக் கலவரமும், 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2022 ஏப்ரல் வெள்ளமும் டர்பன் குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பைக் கரைத்துவிட்டன. இப்படிப்பட்ட காலத்தில் "தாராளமாய்க் கொடுங்கள்" என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்வதற்கு முன், யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் அள்ளிக் கொடுத்தார்கள் என்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். நம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் பகுதி இது. ஆனால் அதே அதிகாரத்தில் சில வசனங்கள் தள்ளிப் படியுங்கள். ஒருவனிடம் இல்லாததன்படி அல்ல, உள்ளதன்படியே அவன் கொடுப்பது ஏற்றுக்கொள்ளப்படும் என்கிறார். மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்பதல்ல, சமநிலை வேண்டும் என்றும் சொல்கிறார். இதை ஏன் நாம் உரக்க வாசிப்பதில்லை?

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடுக்காதவர் சாபத்துக்கு ஆளாவார் என்று மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைக் காட்டி ஏழைகளை மிரட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. உபாகமம் பதினான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். மூன்றாம் வருடத்துத் தசமபாகம் சொந்த நிலமில்லாத லேவியனுக்கும், அந்நியனான பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் உரியது; அவர்கள் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும். வேலை இழந்த என் சகோதரர் அந்தப் பந்தியில் உட்கார வேண்டியவர். அவர் காணிக்கைப் பையைக் கண்டு ஒளிந்துகொள்கிறார் என்றால் குறை சபையினுடையது.

மாதச் சம்பளம் தவறாமல் வருகிறவர்களே, இனி உங்களோடு பேசுகிறேன். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்திறங்கிய நம் முன்னோருக்கு முதல் வருடக் கூலி மாதம் பத்து ஷில்லிங். கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்த அந்த மக்களும் அவர்கள் பிள்ளைகளும் கோயில் கட்டினார்கள், ஆலயம் கட்டினார்கள். சமூகம் ஒரு பவுண்ட் திரட்டினால் அரசு ஒரு பவுண்ட் தரும் என்ற ஏற்பாட்டில் பள்ளிக்கூடங்களும் கட்டினார்கள். அவர்கள் வம்சத்தில் வந்த நமக்கு, நெருக்கடி வந்ததும் முதலில் காணிக்கையைக் குறைக்கத் தோன்றலாமா? அயலார் இளைத்திருக்கும் வருடத்தில்தான் நம் பங்கு கூட வேண்டும்.

பணம் இல்லாதவரிடமும் கொடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுச் சபைகளில் பிடியரிசி எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததை ஆலயத்தில் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் சபையில் ஒரு விதவைத் தாயார் காணிக்கை உறை எடுப்பதில்லை. புதன்கிழமை தோறும் வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பருப்பைக் கல் பொறுக்கி ஒரு கிலோப் பைகளில் நிறைத்து முடிச்சுப் போடுகிறார். பொருளாளர் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே தொகை எதுவும் இல்லை. அவர் இல்லாமல், ஏழை வீடுகளுக்கு நாங்கள் கட்டித் தரும் உணவுப் பொதியான ஹாம்பர் ஒன்றுகூட வெளியே போகாது.

ஹாம்பர் கட்டும் சபைகளுக்கு ஒரு வார்த்தை. அரிசி, சோள மாவு, பருப்பு, சமையல் எண்ணெய், முட்டை, பழுப்பு ரொட்டி, டின் பில்ச்சர்ட் மீன் இவற்றுக்கு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி கிடையாது. பிஸ்கட்டையும் குளிர்பானத்தையும் விட்டு இவற்றை வாங்கினால் அதே பணத்தில் இன்னும் சில வீடுகளுக்குச் சேரும். வசதியுள்ள அன்பர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். ஆராதனைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வருமான வரிச் சலுகை இல்லை. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற நலப்பணி அமைப்புக்குக் கொடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் பத்து சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். உங்கள் சபையின் நலப்பணிக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, சபைப் பொருளாளர்களே. எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று தீத்துவோடு வேறு சகோதரர்களையும் சேர்த்தே அனுப்பினார். இந்த ஞாயிறு அறிவிப்பு வேளையில் மூன்று தொகைகளை வாசியுங்கள்: போன மாதம் வந்தது, செலவானது, அதில் பசித்த வீடுகளுக்குப் போனது. மூன்றாவது தொகை சிறியதாக இருந்தாலும் மறைக்காமல் வாசியுங்கள். அடுத்த மாதம் அதை உயர்த்தும் வேலையைச் சபையாரிடம் விடுங்கள்.

நன்றி. வணக்கம்.