பகல் விளக்கும் பெஞ்சும்

கொச்சியைப் பற்றிப் பேச வந்துவிட்டு மிளகில் ஆரம்பிக்காமல் ஒரு செப்பேட்டில் ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம் இருக்கிறது, பரதேசி சினகாக் என்பார்கள். நம்மிடம் பரதேசி என்றால் வசவு. அங்கே ஸ்பெயின் பக்கமிருந்தெல்லாம் விரட்டப்பட்டு வந்து சேர்ந்த வெளிநாட்டுக்காரர்கள், அவ்வளவுதான்.

அங்கே வழிவழியாகக் காத்துவந்த செப்பேடு அந்தக் கட்டடத்தைவிடப் பல நூறு வருஷம் மூத்தது, ஏறத்தாழ கி.பி. 1000. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்தது. வட்டெழுத்து என்பதால் பார்த்தால் ஒன்றும் விளங்காது, யாராவது வாசித்துக் காட்டினால் உங்களுக்கே பாதி புரிந்துவிடும்: 'பகல்விளக்கும் பாவாடையும் அந்தோளகமும் குடையும் வடுகப்பறையும் காகளமும்' என்று போகிறது. ஜோசப் ரப்பான் அதில் 'இசுப்பு இரப்பான்'. நம்மூரில் யோசேப்பு சூசை ஆன மாதிரிதான்.

பாவாடை என்றதும் சிரிக்காதீர்கள், நடந்து வரும் வழியில் விரிக்கிற துணி அது. அந்தோளகம் பல்லக்கு, காகளம் ஊதுகொம்பு. பட்டப்பகலில் விளக்கு எதற்கு? வெளிச்சத்துக்கில்லை, மரியாதைக்கு. இதெல்லாம் சேர்த்து மொத்தம் எழுபத்திரண்டு உரிமைகள். அதைவிட முக்கியம், உல்கும் துலாக்கூலியும் கிடையாது, அதாவது சுங்கமும் எடைக்கூலியும் தள்ளுபடி. ஊரார் அரண்மனைக்குக் கட்டுவதை இவர் கட்ட வேண்டாம், ஊரார் பெறுவதை இவரும் பெறலாம். மன்னரின் பெருந்தன்மை என்று எல்லாரும் இதைக் கொண்டாடுகிறார்கள், சரி, ஆனால் கப்பல் வந்தால்தானே கஜானா நிறையும், அந்தக் கணக்கும் இதில் இருக்கிறது என்பது என் கட்சி.

அப்புறம் 1662இல் போர்ச்சுகீசியர்கள் சினகாக்கைச் சூறையாடினார்கள், அடுத்த வருஷமே டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததால் அது மறுபடி எழுந்தது. கீழே சீனத்து நீலவெள்ளை ஓடுகள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கணும், வெறுங்காலுக்கு ஜில்லென்று இருக்கும். மணிக்கூண்டில் ஒரு முகத்தில் ஹீப்ரு எண், ஒரு முகத்தில் ரோமன், இன்னொன்றில் மலையாளம். சுற்றுலாக்காரர்கள் இவ்வளவையும் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது அந்தக் கூடத்துக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை. மன்னர் குடையும் பல்லக்கும் கொடுத்த சமூகத்தின் ஒரு பிரிவு, அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வம்சத்தாரைப் பெஞ்சில் உட்காரவிடவில்லை. அவர்களும் யூதர்கள், அதே வேதம், ஆனால் தரையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் முன்னறையில். அந்த வம்சத்தில் பிறந்தவர்தான் ஏ.பி. சேலம். மதராசில் சட்டம் படித்த வக்கீல், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தவர். வெள்ளைக்காரனிடம் காட்டவேண்டிய சத்தியாகிரகத்தைத் தன் சொந்தத் தொழுகைக்கூடத்திலேயே காட்டினார், ஊர் அவரை யூத காந்தி என்றது. ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை, முதலில் பின்வரிசைப் பெஞ்சு, மற்றதெல்லாம் பல வருஷம் கழித்து ஒவ்வொன்றாக.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குக் கிளம்பினார்கள். யானைக்கால் நோய் வந்துவிடும் என்று அங்கே தயங்கியபோது, இவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நேரில் போய்ப் பேசியவர்களில் சேலமும் ஒருவர். அவர் மட்டும் கொச்சிக்கே திரும்பிவிட்டார், 1967இல் காலமானார்.

கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது முறை. இன்று உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் தேறுவதில்லை, வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளையும் பெஞ்சில் உட்காரவைத்தால்தான் எண்ணிக்கை சேரும்.