2018-ன் ஐந்து பையன்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஃபுட்பால் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. தலைக்கவசமும் தோள்பட்டைக் காப்பும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கி ஓடுவதும் எறிவதுமான ஆட்டம். அதன் தொழில்முறை லீக்குக்குப் பெயர் என்எஃப்எல். 32 அணிகள். வருடா வருடம் ஏப்ரல் கடைசியில் இந்த அணிகள் கல்லூரியில் ஆடிய பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். அதுதான் டிராஃப்ட். அதிலும் ஒரே ஒரு வகைப் பையனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்: க்வார்ட்டர்பேக். பந்தை எறிகிறவன், ஆட்டத்தை நடத்துகிறவன்.

ஐபிஎல் ஏலத்தில் காசு வைத்திருப்பவர் கையைத் தூக்கலாம். டிராஃப்டில் ஏலமே கிடையாது. போன வருடம் படுமோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வாய்ப்பு. ஏழு சுற்று, சுமார் 250 பேர். எந்த அணி பெயரைக் கூப்பிடுகிறதோ அந்த ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 1936-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய முறை இது. முதன்முதலாகக் கூப்பிடப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆரம்பமே அப்படி.

இந்த முறையில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நாட்டிலேயே சிறந்த பையன் என்று பெயர் எடுத்தவன், பெரும்பாலும் நாட்டிலேயே மோசமான அணியிடம் போய்ச் சேருகிறான்.

அவனுடைய வேலை என்ன? பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிரணியின் பின்வரிசையைப் பார்க்க வேண்டும். சேஃப்டி என்று இருவர் ஆழத்தில் நிற்பார்கள். இருவருமே பின்னால் நிற்கிறார்களா, ஒருவன் மெல்ல முன்னே நகர்கிறானா? அதை வைத்து ஒரு கணக்குப் போடுவான். பந்து கைக்கு வந்த நொடியில் அவர்கள் இடம் மாறுவார்கள். இவனை ஏமாற்றத்தான் அப்படி நின்றிருந்தார்கள். இனி அவனுக்கு இருப்பது இரண்டரை, மூன்று நொடி. முதல் ஆளைப் பார்க்கிறான், அடைபட்டிருக்கிறான். அடுத்தவனைப் பார்க்கிறான், அவன் இன்னும் திரும்பவே இல்லை. அவன் திரும்பி நிற்கப்போகும் இடத்துக்கு இப்போதே பந்தை அனுப்பிவிட வேண்டும். இதற்குள் 120 கிலோ ஆள் ஒருவன் விலாவைக் குறிவைத்து ஓடி வருகிறான். அவனை ஓரக்கண்ணால் பார்க்கலாம், ஆனால் பார்வை அவன் பக்கம் திரும்பிவிட்டால் ஆட்டம் போச்சு.

இதை எப்படி அளப்பது? பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் காம்பைன் என்று ஒன்று நடத்துகிறார்கள். உயரம், எடை, 40 கெஜ ஓட்டம், நின்ற இடத்தில் எம்பிக் குதித்தல் எல்லாம் பார்ப்பார்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை உள்ளங்கையையும் அளப்பார்கள். 2020-ல் ஜோ பர்ரோவின் கை ஒன்பது அங்குலம்தான் என்று ஒரு வாரம் விவாதமே நடந்தது. பந்து கையிலிருந்து நழுவிவிடும் போலிருக்கிறது, ஓய்வு பெறலாமா என்று யோசிக்கிறேன் என்று அவரே ட்விட்டரில் கேலி செய்தார். சின்சினாட்டி அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. இரண்டாவது வருடமே அந்த அணி சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியில் ஆடியது. புத்திக்கும் சோதனை உண்டு. 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று பல காலம் ஒரு தேர்வு வைத்திருந்தார்கள், 2022-ல் விட்டுவிட்டார்கள். பிறகு வேறொரு கணினித் தேர்வு பிரபலமானது. அதில் சி. ஜே. ஸ்ட்ரவுட் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்ததாக 2023 டிராஃப்டுக்கு முன்னால் செய்தி கசிந்தது. ஹூஸ்டன் அணி அதைப் பொருட்படுத்தாமல் இரண்டாவது ஆளாக எடுத்தது. அந்த வருடம் தாக்குதல் ஆட்டத்தில் சிறந்த புதுமுகம் அவர்தான்.

டாம் பிரேடி கதையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 2000-ம் ஆண்டு, 40 கெஜம் 5.28 விநாடி, ஆறாவது சுற்று, 199-வது ஆள், அவருக்கு முன்னால் ஆறு க்வார்ட்டர்பேக்குகள், பிறகு ஏழு சூப்பர் பவுல் வெற்றி. எல்லோரும் சொல்கிற கதை. எனக்கு அதைவிட 2018-தான் பிடிக்கும். அந்த வருடம் முதல் சுற்றில் ஐந்து பேர் போனார்கள்.

முதல் ஆள் பேக்கர் மேஃபீல்டு, கிளீவ்லண்ட் பிரவுன்ஸ். அதற்கு முந்தைய வருடம் 16 ஆட்டத்தில் 16-லும் தோற்ற அணி அது. மூன்றாவது ஆள் சாம் டார்னல்டு, நியூயார்க் ஜெட்ஸ். ஏழாவது ஜாஷ் ஆலன், பஃபலோ. பத்தாவது ஜாஷ் ரோசன், அரிசோனா. முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக, லமார் ஜாக்சன், பால்டிமோர்.

ஆலனைப் பற்றி அப்போது என்ன பேசினார்கள் தெரியுமா? ஆள் ஆறடி ஐந்து அங்குலம், கை பீரங்கி, ஆனால் குறி தப்பும். வயோமிங் என்ற சிறிய கல்லூரி, அங்கேயே எறிந்ததில் 56 சதவீதம்தான் சேர்ந்தது. கல்லூரியில் குறி தவறுகிறவனுக்குத் தொழில்முறையில் குறி வராது என்பது, அணிகளுக்காகப் பையன்களைத் தேடி எடைபோடும் ஸ்கவுட்டுகள் வட்டாரத்தில் ஏறக்குறைய சட்டம். முதல் வருடம் அவர் எறிந்ததில் 52.8 சதவீதம் சேர்ந்தது. பார்த்தாயா, நாங்கள் சொன்னோமே என்றார்கள். இரண்டாம் வருடம் 58.8. மூன்றாம் வருடம், 2020-ல், 69.2. இப்படி ஏறுவது சாதாரணமாக நடப்பதில்லை.

நடந்தது எப்படி? எறியும்போது இடுப்பும் பாதமும் தோளோடு சேர்ந்து திரும்ப வேண்டும் என்று உட்கார்ந்து ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் சரிசெய்தார்கள். அதைவிட முக்கியம், அந்த வருடங்களில் தலைமைக் கோச் ஷான் மெக்டர்மட் மாறவில்லை, தாக்குதல் கோச் பிரையன் டேபால் நான்கு வருடம் மாறவில்லை. ஒரே பாடத்தை ஒரே வாத்தியாரிடம் படித்தார். 2020-ல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல்தர ரிசீவரை, அதாவது எறிந்த பந்தைப் பிடிக்கிறவரை, முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்து வாங்கி வந்தார்கள் (டிராஃப்ட் வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் இப்படி மாற்றிக்கொள்ளலாம்). 2024-ல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது ஆலனுக்கு.

இனி ரோசன். ஐவரில் அழகாக எறிகிறவர் இவர்தான் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு முன்னால் ஒன்பது தவறு நடந்திருக்கிறது என்று அன்றைக்கே சொன்ன துடுக்கும் இருந்தது. அரிசோனாவில் பருவத்தின் பாதியில் தாக்குதல் கோச் வேலையிழந்தார். பருவம் முடிந்ததும் தலைமைக் கோச்சும் போனார். அந்த மனிதருக்குக் கிடைத்ததே ஒரு வருடம்தான். புதிதாக வந்த கோச் தனக்குப் பிடித்த கைலர் மரேயை 2019-ல் முதல் ஆளாக எடுத்தார். ரோசனை மயாமிக்கு விற்றுவிட்டார்கள். பிறகு ஊர் ஊராகச் சுற்றினாரே தவிர எங்கும் நிலைக்கவில்லை. ஆலன் அரிசோனாவுக்கும் ரோசன் பஃபலோவுக்கும் போயிருந்தால்? நிரூபிக்க வழியில்லை. ஆனால் 52.8 சதவீத ஆலனை அரிசோனா இரண்டாம் வருடம் வைத்திருக்காது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

லமார் ஜாக்சன் விஷயம் வேறு மாதிரி. 2016-ல் கல்லூரி ஆட்டத்தின் மிகப்பெரிய விருதான ஹைஸ்மன் வாங்கியவர். அப்படிப்பட்டவரை ரிசீவராக மாறச் சொன்னார்கள் சில பெரிய மனிதர்கள். கறுப்பின க்வார்ட்டர்பேக்குகளிடம் இதைச் சொல்வது அங்கே பழைய வழக்கம். அதை நாகரிகமாக மூடிப் பேச எனக்கு விருப்பமில்லை. அவர் ரிசீவர் பயிற்சியில் ஓட மறுத்தார், 40 கெஜமும் ஓட மறுத்தார். பால்டிமோர் அவரை மாற்ற முயலவில்லை, தங்கள் ஆட்டத்தை மாற்றியது. கிரெக் ரோமன் என்ற தாக்குதல் கோச் அவருடைய கால்களைச் சுற்றி முழு ஆட்டத்திட்டத்தையும் எழுதினார். 2019-ல் 36 டச்டவுன் (பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்வது) எறிந்து, 1,206 கெஜம் ஓடி, எல்லா வாக்குகளையும் வாங்கி மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். 2023-ல் மறுபடியும்.

மேஃபீல்டும் டார்னல்டும் முதல் அணியில் தேறவில்லை என்று எழுதப்பட்டவர்கள். நான்கு வருடத்தில் கிளீவ்லண்ட் மேஃபீல்டுக்கு நான்கு தலைமைக் கோச்சுகளைக் காட்டியது. டார்னல்டு ஒரு திங்கட்கிழமை இரவு ஆட்டத்தில் பேய் தெரிகிறது என்று முனகியது மைக்கில் பதிவாகி, ஊர் சிரித்தது. அப்புறம்? மேஃபீல்டு டாம்பாவுக்குப் போய் 2024-ல் 41 டச்டவுன் எறிந்தார். டார்னல்டு அதே வருடம் மினசோட்டாவுக்கு 14 வெற்றி தேடிக்கொடுத்தார். அடுத்த மார்ச்சில் சியாட்டில் மூன்று வருடத்துக்கு பத்துக் கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2018-ல் ஸ்கவுட்டுகள் எழுதிய குறிப்பு இந்த இருவர் விஷயத்திலும் பெரும்பாலும் சரிதான். ஆடிய இடம்தான் சரியில்லை.

எல்லாப் பழியையும் அணிமேல் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1998-ல் பெய்டன் மேனிங்கா ரையன் லீஃபா என்று நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. முதல் ஆள் மேனிங், இரண்டாவது லீஃப். லீஃப் மொத்தம் எறிந்தது 14 டச்டவுன். எதிரணி கையில் கொடுத்தது 36. எந்தக் கோச் வந்தாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அணியும் கோச்சும் ஒன்றாக இருந்தும் ஒருவன் தேறி ஒருவன் தேறாத கதையும் உண்டு. 2021-ல் சான் பிரான்சிஸ்கோ அணி மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை மயாமிக்குக் கொடுத்து, மூன்றாவது இடத்துக்கு ஏறி, டிரே லான்ஸ் என்ற பையனை எடுத்தது. நல்ல கை, நல்ல கால், நல்ல குணம். ஆனால் கல்லூரியில் தொடக்கத்திலிருந்து ஆடியது 17 ஆட்டம். கொரோனாவால் கடைசி வருடம் ஒரே ஒரு ஆட்டம். மறு வருடம் அதே அணி, டிராஃப்டின் கடைசிப் பெயராக, 262-வதாக, பிராக் பர்டியை எடுத்தது. கடைசி ஆளை ‘பொருட்டில்லாத ஐயா’ என்று அங்கே வேடிக்கையாக அழைத்து விழா எடுப்பார்கள். 2022-ல் லான்ஸுக்குக் கணுக்கால் உடைந்தது, டிசம்பரில் அடுத்தவருக்கும் காலில் அடி. மூன்றாவது ஆளாக இருந்த பர்டி உள்ளே வந்தார். எதிரணி யார் என்றால், அந்த மூன்று வாய்ப்புகளை வாங்கிக்கொண்ட அதே மயாமி. அடுத்த பருவத்தில் பர்டி அணியைச் சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். லான்ஸை ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டாலஸ் வாங்கிக்கொண்டது.

பர்டி அயோவா ஸ்டேட் கல்லூரியில் நான்கு வருடம் ஆடியவர். எனக்கு அளவுகளில் ஓரளவு நம்பிக்கை இருப்பது இதில்தான்: கல்லூரியில் எத்தனை ஆட்டம் முழுதாக நடத்தினான்? 2017-ல் சிகாகோ, மிட்செல் டிருபிஸ்கியை எடுப்பதற்காக ஓர் இடம் ஏறியது. அவர் 13 ஆட்டம். அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போனவர், பின்னாளில் லீக்கின் பெரிய நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸ். 2023-ல் நான்காவதாகப் போன ஆண்டனி ரிச்சர்ட்சனும் 13. கேம் நியூட்டன் 14 ஆட்டம் ஆடிவிட்டு வந்து கலக்கினாரே என்பீர்கள். ஆமாம், விதிவிலக்குதான். ஆனால் இரண்டரை நொடியில் முகம் மாறுகிற பின்வரிசையை ஆயிரம் தடவை பார்த்தவனுக்கும் இருநூறு தடவை பார்த்தவனுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் (பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவர்தான்) ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவர் அடுத்தடுத்து எடுக்கப்பட்டால், முன்னால் போனவன் பின்னால் போனவனைவிட நன்றாக ஆட எவ்வளவு வாய்ப்பு? 52 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அந்த இரண்டு சதவீதத்துக்காக அணிகள் வருங்கால முதல் சுற்றுகளை அள்ளிக் கொடுத்து மேலே ஏறுகின்றன.

ஏன் இவ்வளவு அவசரம்? சம்பளம். 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகங்களுக்கு நான்கு வருடம் நிர்ணயித்த ஊதியம்தான். தேறிய க்வார்ட்டர்பேக்குக்கு வருடம் ஐந்து, ஆறு கோடி டாலர் போகும். மலிவாக இருக்கும் வருடங்களிலேயே கோப்பை வேண்டும் என்று பையனை முதல் ஞாயிற்றுக்கிழமையே இறக்கிவிடுகிறார்கள். பின்னாளில் நட்சத்திரமான ஆரன் ராட்ஜர்ஸ் முதல் மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மஹோம்ஸ் ஒரு வருடம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். மாறாக, 2002-ல் புத்தம்புது ஹூஸ்டன் அணி டேவிட் கார் என்ற பையனை முதல் நாளே இறக்கி, ஒரே பருவத்தில் 76 முறை பந்தோடு தரையில் சாய்க்க விட்டது. அந்தச் சாதனை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதை நேரடியாகப் பார்க்க விரும்பினால் சிகாகோவைக் கவனியுங்கள். 2023-ல் கரோலினா அணி பிரைஸ் யங்கை எடுப்பதற்காகத் தன் அடுத்த வருட முதல் சுற்றையும் சேர்த்துச் சிகாகோவுக்குக் கொடுத்தது; 11 ஆட்டத்தில் கோச்சையும் வேலையைவிட்டு அனுப்பியது. அப்படி வந்த வாய்ப்பில் 2024-ல் முதல் ஆளாகச் சிகாகோ எடுத்தவர் காலேப் வில்லியம்ஸ். முதல் வருடம் 68 முறை சாய்க்கப்பட்டார். நவம்பருக்குள் தாக்குதல் கோச்சும் போய், தலைமைக் கோச்சும் போனார். டிசம்பரில் அவரைத் தவறான தேர்வு என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். 2025-ல் பென் ஜான்சன் தலைமைக் கோச்சாக வந்தார்; வில்லியம்ஸுக்கு முன்னால் நின்று காக்கிற ஐவரில் நடுவில் நிற்கும் மூவரும் அந்த வருடம் புது ஆட்கள். அவருடைய ஆட்டத்தைப் பார்க்கும்போது அவரை விட்டுவிட்டு முதல் இரண்டு நொடி நடுவில் நிற்கும் மூவரைப் பாருங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.