இறக்கை இருந்தும் 30 கிலோமீட்டர் தாண்டாத பறவை! கொடைக்கானல் சோலைச்சிட்டு

[காட்சி: மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையம், பிறகு வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை]

வணக்கம் மக்களே! நன்றாகப் பறக்கத் தெரிந்தும், பல லட்சம் ஆண்டுகளாக ஒரே ஒரு கணவாயைத் தாண்டாமல் இருக்கும் பறவை ஒன்று ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில்தான் வாழ்கிறது. கொடைக்கானலுக்குப் பத்துத் தடவை போனவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பெயர் வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1868ல் பிளான்ஃபோர்டு என்பவர் நம் பழனி மலைப் பறவையை வைத்துத்தான் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். அப்புறம் பல பேரினங்களுக்கு மாற்றி மாற்றிப் பார்த்து, 2017ல் மரபணு ஆய்வின்படி சோலிகோலா என்று தனிப் பேரினமே வைத்தார்கள். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இந்தப் பேரினம் கிடையாது.

[காட்சி: சோலைக்குள் இருட்டு, ஈர இலைச்சருகு]

ஆள் சிறிசு, சுமார் 15 சென்டிமீட்டர். உடம்பு கருநீலம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, வயிறு வெள்ளை. சோலை என்றால் மலை உச்சிப் பள்ளங்களில் இருக்கும் அடர்ந்த பசுமைக் காடு; பகலிலேயே மங்கலாக இருக்கும் அதற்குள், ஓடைக்கரைப் புதருக்குள், தரையில் தத்தித் தத்திச் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். மரப்பொந்திலோ மண்சரிவுப் பொந்திலோ பாசியும் வேர்நாரும் வைத்துக் கூடு கட்டும். கண்ணில் படுவது கஷ்டம், ஆனால் விடியற்காலையில் பாடும் பாருங்கள், அந்த நீளமான விசிலைக் கேட்ட பிறகு கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி மட்டும் வந்துவிட்டுத் திரும்புகிறோமே என்று எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

சரி, அந்தக் கணவாய் விஷயத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலை, மேகமலை இங்கெல்லாம் நம்ம ஆள். வடக்கே நீலகிரிப் பக்கம் இருப்பது விலாப்புறம் செம்பழுப்பான வேறொரு இனம். நடுவில் இருக்கும் இடைவெளி சுமார் 30 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் ஏறி மேலூரில் இறங்குகிற தூரம், அவ்வளவுதான்! ஆயிரம் மீட்டருக்கு மேலே குளிரும் ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் வாழப் பழகிய பறவைக்கு, கீழே வெயில் அடிக்கும் அந்த வெட்டவெளி கடல் மாதிரி. அதனால்தான் ஆய்வாளர்கள் இந்த மலை உச்சிகளை வானத் தீவுகள் என்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பறவைகளும் சேராமலே இருந்து இருந்து வேறு வேறு இனமாகிவிட்டன. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைப் பக்கம் போனால் அங்கிருப்பதும் கொஞ்சம் வேறுபட்டிருக்கிறது. ஒரு பள்ளம் ஒரு உயிரினத்தையே இரண்டாகப் பிரித்துவிடுகிறது என்றால், யோசித்துப் பாருங்கள் மக்களே!

இதையே திருப்பிப் பாருங்கள், கவலை வரும். மலை உச்சியில் இடம் போனால் இது வேறெங்கும் குடியேற முடியாது. மேலே ஏறலாம் என்றால் மலை முடிந்துவிடுகிறது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018ல் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, அந்த இடத்தில் சீகை (வாட்டில் மரம்), பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் வந்துவிட்டன என்கிறது அது. சோலையும் புல்வெளியும் சேர்ந்தே இருக்க வேண்டியவை. அழிவை நெருங்கும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் இந்தப் பறவை அழியும் அபாயம் உள்ள வகையில் இருக்கிறது.

"அப்போ அந்நிய மரத்தையெல்லாம் ஒரேயடியாக வெட்டிவிடலாமே" என்று கமெண்டில் எழுதத் தோன்றும். அவசரம் வேண்டாம் என்பேன். பழைய பைன், சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் சாய்த்தால் அந்தக் கன்றுகளும் போகும். புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் சீகையைப் பிடுங்குவதும், கன்று வளரும் இடத்தைக் கை வைக்காமல் விடுவதும் சரியான வழி என்பது என் கருத்து.

2013ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது பெரிய விஷயம். ஆனால் ஊருக்குள்ளேயே இருக்கும் சிறு சோலைகளுக்கு நம் கவனமும் வேண்டும். பாம்பார் சோலை ஓடை கும்பக்கரை அருவியாக விழுந்து, வராக நதியில் கலந்து, நம் வைகையில்தான் சேர்கிறது.

அடுத்த முறை போகும்போது இ-பாஸ் எடுத்துக்கொண்டு, வட்டக்கானல் பக்கம் விடியலில் பாதை ஓரமாகவே நின்று கேளுங்கள். பறவையை வரவழைக்க அதன் பாட்டை ஸ்பீக்கரில் போடாதீர்கள், போட்டியாளன் வந்துவிட்டான் என்று கூட்டை விட்டு வந்து அலையும். கேட்டால் போனில் பதிவு செய்து, தேதி, இடத்தோடு பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) தளத்தில் ஏற்றுங்கள். பெரியகுளம், போடி, கம்பம் பக்கம் இருப்பவர்கள் மேகமலையில் கேட்டிருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.